கமெண்ட் இல்லாத கர்னல்: படிப்பதா, ஓட்டிப் பார்ப்பதா, வரலாற்றைத் தோண்டுவதா?

ஐப்பசி மழையில் கோத்தகிரியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த வாரம். இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் கட்டபெட்டுப் பையன், கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எக்ஸ்வி6 என்ற, பாடத்துக்காக எழுதப்பட்ட சின்னக் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கர்னல்) ஒரு மாற்றம் செய்து, அந்தப் பகுதிக்கு ஆவணமும் எழுதித் தர வேண்டும். "அக்கா, ஒவ்வொரு ஃபங்ஷனும் தனியாப் படிச்சா புரியுது. சேர்த்துப் பார்த்தா எதுக்கு இப்படிச் செய்யறாங்கன்னே தெரியலை" என்றான். இன்னொருத்தி அரவேணுக்காரி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சிப் விற்கும் கம்பெனி தந்த லினக்ஸ் கர்னலை அவள் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒரு டிரைவரை, அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்பகுதியை, புரிந்துகொண்டு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாலாயிரம் வரி. கமெண்ட் (நிரலுக்குள் மனிதர்களுக்காக எழுதும் விளக்கம்) என்று பார்த்தால் உரிம அறிவிப்பும், 'பிறகு சரிசெய்ய வேண்டும்' என்று யாரோ விட்டுப்போன இரண்டு வரியும்தான்.

வரி வரியாகப் படிப்பதா, டிபக்கரில் (நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி) ஓட்டிப் பார்ப்பதா, கிட் வரலாற்றை (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) தோண்டுவதா, ஏஐ-யிடம் கொடுத்து விளக்கம் வாங்குவதா? இதுதான் இருவரும் கேட்டது. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மலையில் இருந்தபடியே கீழே உள்ள கம்பெனிகளுக்குக் கர்னல் வேலை பார்க்கிறேன். நான்கு வழியிலும் போயிருக்கிறேன், நான்கிலும் தப்பாகப் புரிந்துகொண்டும் இருக்கிறேன். அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கேள்வியின் வகை. ஒரு கர்னல் நிரலைப் பார்த்து நாம் கேட்பவை மூன்று வகைதான். இது என்ன செய்கிறது? எப்போது, யார் கூப்பிட்டு நடக்கிறது? ஏன் இப்படி எழுதினார்கள்? மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. பலர் சோர்ந்துபோவதற்குக் காரணம், 'ஏன்' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு 'என்ன' மட்டும் தெரிந்த இடத்தில் தேடிக்கொண்டிருப்பதுதான்.

இரண்டாவது, நாம் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்த வழியே அதை நமக்குக் காட்டிக்கொடுக்குமா? இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிய ஒரு கமெண்ட், கமெண்டே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும். அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார்.

மூன்றாவது, நெட்டும் கரண்டும் இல்லாமல் வேலை நடக்குமா? சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். இங்கே வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் கூடவே கேபிளும் போய்விடும். லேப்டாப் பேட்டரியில் மூன்று மணி நேரம், டேட்டா இல்லாமல் உட்கார வேண்டிய நாட்கள் வரும்.

நான்காவது, வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு என்ன மிஞ்சும்? உங்களுக்குப் புரிந்தது உங்கள் தலையிலேயே நின்றுவிட்டால் ஆவணம் எழுதும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

## வழி 1: குறுக்குத் தேடலோடு படிப்பது

படிப்பது என்றால் முதல் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே வருவது என்று நினைக்காதீர்கள். கர்னலை அப்படிப் படித்து முடிக்க முடியாது. இன்றைய லினக்ஸ் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். ஒரு சிஸ்டம் காலை (ஒரு நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) எடுத்துக்கொண்டு அதன் நூலைப் பிடித்துக்கொண்டே போவதுதான் படிப்பது.

அதற்கு, நிரலில் பெயர்களைத் தேடித்தரும் சிடேக்ஸ், சிஸ்கோப் என்ற இரண்டு பழைய கருவிகள் போதும். சிஸ்கோப் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 'இந்த ஃபங்ஷனை யார் யார் கூப்பிடுகிறார்கள்' என்று கேட்டால் நொடியில் பட்டியல் தரும். லினக்ஸ் மரத்துக்குள்ளேயே, அதாவது மூல நிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே, 'மேக் சிஸ்கோப்' என்று கட்டளை கொடுத்தால் அட்டவணை தயாராகிவிடும். உலாவியில் படிக்க எலிக்சர் என்ற தளம் அருமையாக இருக்கிறது, எந்தப் பதிப்பையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஆனால் மழைநாளில் கைகொடுப்பது வன்தட்டில் இருக்கும் சிஸ்கோப்தான்.

இதன் மறைவான செலவு, தேடல் கிடைக்காத இடங்கள். லினக்ஸில் ரீட் சிஸ்டம் காலின் உடலை 'சிஸ்_ரீட்' என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. சிஸ்கால்-டிஃபைன் என்ற மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் விரியும் சுருக்கம்) பெயரின் துண்டுகளை ஒட்டி அந்தப் பெயரை உருவாக்குகிறது. முழுப்பெயர் அந்தக் கோப்பில் எழுதப்பட்டே இருக்காது. அடுத்தது ஃபங்ஷன் பாயிண்டர். ஒரு கோப்பைப் படிக்கும்போது கர்னல் நேராக எந்த ஃபைல்சிஸ்டத்தையும் கூப்பிடுவதில்லை. ஒரு அட்டவணையில் உள்ள முகவரி வழியாகக் கூப்பிடுகிறது. 'யார் கூப்பிடுகிறார்கள்' என்ற கேள்விக்குச் சிஸ்கோப் அங்கே மௌனமாகிவிடும். முதல் தடவை இதில் மாட்டியவர்கள் 'இந்த ஃபங்ஷனை யாருமே பயன்படுத்துவதில்லை' என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட குறிப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் படிப்பதால் மட்டுமே தெரியும் விஷயங்கள் உண்டு. அந்தக் கட்டபெட்டுத் தம்பிக்குக் காட்டியது இதைத்தான். எக்ஸ்வி6-ல் ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) தூங்கப் போகும் ஃபங்ஷனைப் பாருங்கள். ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொட விடும் ஏற்பாடு) கையில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அதை விடுவதற்கு முன்பே, பிராசஸுக்கென்று உள்ள இன்னொரு பூட்டைப் பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான் முதல் பூட்டை விடுகிறது. ஏன் இந்த வரிசை? மாற்றிப்போட்டால், அதாவது முதல் பூட்டை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்தால், நடுவில் ஒரு கணம் இரண்டுமே கையில் இருக்காது. அந்தக் கணத்தில் இன்னொரு சிபியு எழுப்பும் ஃபங்ஷனை ஓட்டிவிடலாம். அது பார்க்கும்போது நம் பிராசஸ் இன்னும் தூங்கவில்லை, எனவே எழுப்ப ஆளில்லை என்று போய்விடும். பிறகு நம் பிராசஸ் நிதானமாகத் தூங்கும். எழுப்ப வேண்டியவர் ஏற்கெனவே வந்துபோய்விட்டார். திரும்ப யாரும் வராவிட்டால் அது எழுந்திருக்கவே போவதில்லை.

சரியாக எழுதப்பட்ட நிரலை எத்தனை தடவை ஓட்டினாலும் இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அந்த வரிசை இருப்பதே அது நடக்காமல் தடுக்கத்தான். பேப்பரில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் ஒரு சிபியு, வலப்பக்கம் இன்னொன்று என்று வரி வரியாக எழுதினால்தான் தெரியும். தம்பி ஒரு மணி நேரம் எழுதினான், அதற்குப் பிறகு அவனே எனக்கு விளக்கினான்.

## வழி 2: ஓட்டிப் பார்ப்பது

'எப்போது, யார் கூப்பிட்டு' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கியூஎமு என்ற எமுலேட்டரில் (மென்பொருளால் ஆன போலிக் கணினியில்) கர்னலை ஏற்றி, இன்னொரு ஜன்னலில் ஜிடிபி டிபக்கரை இணைத்தால் கர்னலை எந்த வரியிலும் நிறுத்தலாம். எக்ஸ்வி6-க்கு இந்த ஏற்பாடு, கட்டும் கட்டளைகள் உள்ள மேக் கோப்பிலேயே இருக்கிறது. தொடங்கும்போது சிபியு எண்ணிக்கையை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பல சிபியுக்களுக்கு நடுவே தாவித் தாவித் தலை சுற்றும்.

எக்ஸ்வி6-ன் ரிஸ்க்-வி (ஒரு சிபியு வகை) பதிப்பில் ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அசெம்பிளி ஃபங்ஷன் மிகச் சிறியது. 14 ரெஜிஸ்டர்களை (சிபியுவுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) சேமிக்கிறது, 14 ரெஜிஸ்டர்களை ஏற்றுகிறது, திரும்புகிறது. அவ்வளவுதான். படித்தால் ஐந்து நிமிடம். ஆனால் அதன் உள்ளே ஒரு பிரேக்பாயிண்ட் (நிறுத்துமிடம்) வைத்து ஒவ்வொரு கட்டளையாக நகர்த்துங்கள். ஒரு ஃபங்ஷனிலிருந்து உள்ளே போனோம், வெளியே வரும்போது வேறொரு ஃபங்ஷனில் நிற்கிறோம். திரும்பிப் போகும் முகவரியும் அந்த 14-ல் ஒன்று என்பது அப்போதுதான் கைக்கு உறைக்கிறது. ஒரு பிராசஸ் பிடித்த பூட்டை, அடுத்து ஓட வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் விடுவிப்பதும் அங்கேதான் தெரியும். படிக்கும்போது 'பிடித்த இடத்தில் விடவே இல்லையே, இது பிழை' என்று நான் குறித்துவைத்திருந்த இடம் அது. ஓட்டிப் பார்த்தபிறகு அந்தக் குறிப்பை அடித்தேன்.

பெரிய லினக்ஸுக்கு ஜிடிபி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கர்னல் நினைவகத்தில் இடம் மாற்றி ஏறும் பாதுகாப்பு வசதியை நிறுத்தாவிட்டால் பிரேக்பாயிண்ட் விழாது. கம்பைலரின் செம்மையாக்கலை முழுவதும் நிறுத்தி லினக்ஸைக் கட்டவும் முடியாது. ஆகவே நாம் பார்க்க விரும்பும் வேரியபிள் பாதி நேரம் 'செம்மையாக்கலில் போய்விட்டது' என்றே வரும். அதற்காக மனம் தளர வேண்டாம். லினக்ஸுக்குள்ளேயே எஃப்டிரேஸ் இருக்கிறது, 2008-லிருந்து. எதையும் நிறுத்தாமல் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று படிக்கட்டு போல வரைந்து கொடுத்துவிடும். ஒரு டிரைவரின் அழைப்புப் பாதையை ஆவணத்தில் சேர்க்க வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது இதன் வெளியீட்டைத்தான். ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகப் போகும் அழைப்பும் அதில் விழும், சிஸ்கோப் விட்ட இடத்தை இது பிடித்துவிடும். இன்லைன் ஆகிவிட்ட, அதாவது கூப்பிடும் இடத்திலேயே கம்பைலர் கரைத்துவிட்ட, சின்ன ஃபங்ஷன்கள் மட்டும் தெரியாது.

மறைவான செலவு என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, ஏற்பாட்டுக்கே முதல் இரண்டு நாள் போகும். நிஜமான போர்டில் என்றால் இன்னும் அதிகம். அங்கே கர்னலை நிறுத்தினால் கூடவே வாட்ச்டாக் கடிகாரம் (கர்னல் உறைந்தால் மீட்க வைத்தது) காலாவதியாகிப் போர்டு ரீசெட் ஆகும், எதிர்முனையில் உள்ள கருவி காத்திருந்து கைவிட்டுவிடும். நாம் பார்த்தது நிஜமா, நாம் நிறுத்தியதால் வந்ததா என்ற சந்தேகம் மிஞ்சும். இன்னொன்று, இன்று என் மேஜையில் நடந்தது மட்டுமே தெரியும். பிழை வரும்போது மட்டும் ஓடும் பாதைகள் டிரைவரில் பாதி இருக்கும், அவை ஓடவே ஓடாது.

## வழி 3: வரலாற்றைத் தோண்டுவது

எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. எந்த வருஷம் எந்தப் பக்கம் கவாத்து, எவ்வளவு உரம் என்று நோட்டில் எழுதிவைப்பார். கீழ்ப்பக்கத்துக் கடைசி மூன்று வரிசைக்கு மட்டும் 'மருந்து வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அவர் போன பிறகு என் தம்பிக்கும் எனக்கும் காரணம் தெரியவில்லை. மருந்து அடித்துவிடலாம் என்று இருந்தோம். எங்களுக்கு வெகுகாலமாகக் கொழுந்து பறிக்க வரும் பாட்டிதான் தடுத்தார். அந்த வரிசைகளுக்குக் கீழே ஒரு ஊற்று இருக்கிறது, கீழ்வீடுகளில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அப்பாவுக்கு அது எழுதத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயம்.

கர்னலிலும் இப்படிப்பட்ட வரிகள் நிறைய உண்டு. நெட்வொர்க் சிப் ஒன்றை ரீசெட் செய்துவிட்டு 50 மில்லிசெகண்ட் காத்திருக்கும் ஒரு வரி எனக்கு வந்த டிரைவரில் இருந்தது. கமெண்ட் இல்லை. போர்டு வேகமாக பூட் ஆக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன், 10 மில்லிசெகண்டிலும் வேலை செய்தது. நூறு தடவை ரீசெட் செய்தும் பார்த்தேன். கோவையிலும் சோதித்தார்கள். அனுப்பிவிட்டோம். தை மாதம் ஒரு காலையில், கை மரத்துப்போகும் குளிரில், என் வீட்டுப் போர்டிலேயே நெட்வொர்க் எழுந்திருக்கவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அப்போதுதான் அந்த வரியின் வரலாற்றைப் பார்த்தேன். மூன்று வருஷம் முன்பு ஒருவர் 10 என்று இருந்ததை 50 ஆக்கியிருந்தார். கமிட் செய்தியில் (மாற்றத்தோடு எழுதிவைக்கும் குறிப்பில்) இரண்டே வரி: குளிரில் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் நிலைக்கு வர நேரம் எடுக்கிறது, அதற்குள் படித்தால் சிப் பதில் சொல்வதில்லை. நான் நூறு தடவை ஓட்டியும் கண்டுபிடிக்காதது அந்த இரண்டு வரியில் இருந்தது.

அதனால்தான் 'ஏன்' என்ற கேள்விக்கு இந்த வழி முதலிடம். கிட் பிளேம் என்பது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், எந்தக் கமிட் என்று காட்டும். ஆனால் கடைசியாக மாற்றியவர் பெரும்பாலும் இடைவெளியைத் திருத்தியவராகத்தான் இருப்பார். இடைவெளி மாற்றங்களை ஒதுக்கவும், வேறு கோப்பிலிருந்து நகர்ந்துவந்த வரியைப் பின்தொடரவும் அதற்கு விருப்பத்தேர்வுகள் உண்டு, அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட சொல் நிரலில் எப்போது நுழைந்தது, எப்போது போனது என்று கிட் லாக் வழியாகவும் தேடலாம். லினக்ஸில் நல்ல கமிட் செய்தி ஒரு சிறு கட்டுரை மாதிரி இருக்கும். எந்தப் பழைய கமிட்டின் தவறைத் திருத்துகிறது என்றும் அடியில் எழுதியிருக்கும்.

செலவு எங்கே? லினக்ஸின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ன் இரண்டாம் முன்வெளியீட்டில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் ஒரே ஒரு மாபெரும் கமிட்டில் வந்து முட்டி நிற்கும். 2002-லிருந்து 2005 வரையான, கிட்டுக்கு முன் பயன்படுத்திய பிட்கீப்பர் காலத்து வரலாறு தனிக் களஞ்சியமாகக் கிடைக்கிறது, வேண்டுமானால் ஒட்டவைத்துக்கொள்ளலாம். அடுத்தது அளவு. முழு வரலாறும் பல ஜிபி வரும். டேட்டாவை மிச்சம் பிடிக்க மேலோட்டமாகக் குளோன் செய்தால் (கடைசி நிலையை மட்டும் நகலெடுத்தால்) வரலாறே வராது, பிளேம் செய்வதில் பொருளில்லை. நான் குன்னூரில் ஃபைபர் இருக்கும் தோழி வீட்டில் ஒரு தடவை முழுதாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு புதிய மாற்றங்களை மட்டும் இழுத்தால் போதும், மழைநாளிலும் தேடலாம்.

அரவேணுக்காரிக்கு இருக்கும் சிக்கல் வேறு. வெண்டர்கள் (சிப் விற்கும் கம்பெனிகள்) தரும் மரத்தில் வரலாறு பெரும்பாலும் நசுக்கப்பட்டிருக்கும், 'முதல் இறக்குமதி' என்ற ஒரே கமிட். அங்கே செய்யக்கூடியது இது: மேக் கோப்பின் முதல் சில வரிகளில் கர்னல் பதிப்பு எண் இருக்கும். அதே பதிப்பின் மூல லினக்ஸை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எடுங்கள். நாலாயிரம் வரியில் எத்தனை வரி வெண்டர் எழுதியது, எத்தனை வேறொரு டிரைவரிலிருந்து நகலெடுத்தது என்று தெரிந்துவிடும். நகலெடுத்த பகுதிக்கு மூல மரத்தில் முழு வரலாறும் இருக்கும்.

## வழி 4: ஏஐ-யிடம் கேட்பது

இதை வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். புரியாத இன்லைன் அசெம்பிளி, ஏழு அடுக்கு மேக்ரோ, 1970-களின் சி மொழியில் கூட்டல் குறி சமக்குறிக்குப் பின்னால் வரும் பழைய எழுத்துமுறை, இவற்றையெல்லாம் பொறுமையாகப் பிரித்துச் சொல்லும். ஒரு கோப்பைப் புதிதாகத் திறக்கும் முதல் பத்து நிமிடத்துக்கு நல்ல துணை.

ஆனால் இரண்டாவது அளவுகோலை நினைத்துப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் தெரியுமா? தெரியாது. சரியானதும் தவறானதும் ஒரே குரலில் வரும். பூட்டு விஷயத்தில்தான் எனக்கு அதிகம் உதைத்தது. 'இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுபவர் பூட்டைப் பிடித்திருப்பார்' என்று எழுதித் தரும். பொதுவாக அப்படித்தான் இருக்கும், ஆனால் இந்த ஃபங்ஷனில் அப்படி இருக்காது. ஃபங்ஷன் பெயரிலிருந்தே அர்த்தத்தை ஊகித்துவிடுவதும் உண்டு, உடலில் வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கும். அதனால் அதனிடம் கமெண்ட் எழுதித் தரச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். 'இந்த நிரல் எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது, வரி எண்ணோடு பட்டியல் போடு' என்று கேட்கிறேன். வருவதை ஒவ்வொன்றாக முதல் மூன்று வழிகளில் சரிபார்க்கிறேன். பத்தில் ஏழு எட்டு நின்றால்கூட எனக்கு நேரம் மிச்சம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கம்பெனியின் நிரலை வெளியே உள்ள சேவையில் ஒட்டுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதத்தில் இந்தச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கேள்விக்கு | எது தெரியாது | தவறைக் காட்டிக்கொடுக்குமா | நெட் இல்லாமல் |
|---|---|---|---|---|
| படிப்பது | என்ன. எதைத் தடுக்கிறது | பாயிண்டர், மேக்ரோ வழிப் பாதைகள் | மெதுவாக | முடியும் |
| ஓட்டுவது | எப்போது, யார் | ஓடாத பிழைப் பாதைகள் | உடனே | முடியும் |
| வரலாறு | ஏன் | எழுதாமல் விட்டவை, 2005-க்கு முன் | ஓரளவு | முழுக் குளோன் இருந்தால் |
| ஏஐ | மொழி, தொடக்கம் | எது ஊகம் என்பது | காட்டாது | பெரும்பாலும் முடியாது |

## புரிந்ததை எங்கே எழுதுவது

இதுவும் ஒரு தேர்வுதான், இதில்தான் நல்ல உழைப்பு வீணாகிறது.

தனிப் புத்தகமாக எழுதுவதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1970-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக எழுதிய விளக்கவுரை. 1975-ல் வந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் சுமார் 9,000 வரிகளுக்கு எண் போட்டு, வரி எண்ணைச் சொல்லிச் சொல்லி விளக்கினார். உரிமச் சிக்கலால் வெகுகாலம் ஜெராக்ஸ் பிரதியாகவே கைமாறிக்கொண்டிருந்தது, முறையாக அச்சில் வந்தது 1996-ல்தான். அது இன்றும் பயன்படுவதற்கு ஒரு காரணம், அந்த நிரல் உறைந்துவிட்டது. வரி எண் மாறாது. லினக்ஸ் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதற்கு வரி எண் போட்ட தனி ஆவணம் எழுதினால் அடுத்த பதிப்பிலேயே வழி தவறும். ஆகவே நிரல் உறைந்ததா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறைந்ததற்குத் தனி ஆவணம், ஓடுவதற்கு நிரலுக்குள்ளேயே கமெண்ட்.

அதே ஆறாம் பதிப்பில் பிராசஸ் மாறும் இடத்தில், 'இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்ற பொருளில் ஒரு கமெண்ட் உண்டு. எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு மேலே உள்ள வரிகள், பழைய ஸ்டாக் நிலைக்குப் போய் அங்கிருந்து திரும்புகிறது என்று நடப்பதை ஒழுங்காகவே விளக்கியிருக்கின்றன. எழுதப்படாமல் போனது வேறு: எல்லா ஃபங்ஷனும் ஒரே மாதிரி திரும்பும் என்ற பிடிபி-11 கணினியின் கம்பைலர் வழக்கத்தின் மேல்தான் அது நின்றது. இன்டர்டேட்டா 8/32 கணினிக்கு மாற்றும்போது அந்தக் கம்பைலரில் வழக்கம் வேறாக இருந்தது, முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. தங்களுக்கே அப்போது அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதினார். நான் யாருக்குக் கமெண்ட் எழுதக் கற்றுக்கொடுத்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். நிரல் எதன் மேல் நிற்கிறது என்பதை எழுதுங்கள். எந்தப் பூட்டு கையில் இருக்க வேண்டும், எந்தச் சூழலில் கூப்பிடலாம், எந்த வன்பொருள் வழக்கத்தை நம்புகிறது. நடப்பதை நிரலே சொல்லும். லினக்ஸின் நடை வழிகாட்டியும் எப்படி என்று விளக்காதீர்கள், என்ன என்று சொல்லுங்கள் என்கிறது. மெமரி பேரியருக்கு (நினைவக வேலைகளின் வரிசையைக் காக்கும் கட்டளைக்கு) கமெண்ட் இல்லாவிட்டால் லினக்ஸின் பேட்ச் (அனுப்பும் திருத்தம்) சோதிக்கும் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும்.

முடிந்தால் கமெண்டை இயந்திரம் சோதிக்கும் வடிவத்தில் எழுதுங்கள். 'கூப்பிடுபவர் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தை விட, லினக்ஸில் பூட்டுகளைச் சரிபார்க்கும் லாக்டெப் தரும் உறுதிகூறல் ஒரு வரி இருந்தால் அதுவே நல்லது. பொய்யானால் சோதனையில் கத்தும். எக்ஸ்வி6-ல் ஷெட்யூலருக்குப் போகும் முன் நான்கு நிபந்தனைகளைச் சோதித்து, தவறினால் கர்னலையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நான்கு வரியைப் படித்தாலே அந்தப் பகுதியின் ஆவணத்தில் பாதி கிடைத்துவிடும். ஃபங்ஷனுக்கு மேலே கர்னல்-டாக் (ஆவணமாக மாற்றக்கூடிய கமெண்ட்) வடிவத்தில் எழுதினால் அளவுருவின் பெயர் மாறும்போது கட்டும் கருவி எச்சரிக்கும், அர்த்தம் மாறினால் எச்சரிக்காது.

## யாருக்கு எது

தம்பிக்குச் சொன்னது: எக்ஸ்வி6 பத்தாயிரம் வரிக்குள் முடிந்துவிடும், இரண்டு நாள் ஓட்டிப் பார், அப்புறம் பேப்பரோடு படி. வரலாற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம். உன் பதிப்பு மாறப்போவதில்லை, எனவே தனி ஆவணமாகவே எழுது. எந்தக் கமிட்டின் மேல் எழுதினாய் என்பதை முதல் பக்கத்தில் குறி.

அரவேணுக்காரிக்கு இதையே தலைகீழாகச் சொன்னேன். முதல் நாள் வித்தியாசம் எடு, இரண்டாம் நாள் மூல மரத்தில் வரலாறு. சிப்பின் டேட்டாஷீட்டை அச்செடுத்துப் பக்கத்தில் வை, ரெஜிஸ்டர் எண்கள் நிரலில் வெறும் எண்ணாகவே இருக்கும். போர்டு கையில் வந்த பிறகு எஃப்டிரேஸ். காத்திருக்கும் வரி எதையும் தொடாதே.

நேரமே இல்லை, நாளைக்குள் ஒரு பிழையைத் திருத்த வேண்டும் என்றால்? அந்த ஒரு வரியின் வரலாறு, பிறகு அந்த ஒரு ஃபங்ஷனின் டிரேஸ். ஆவணம் என்று தனியாக உட்காராமல், திருத்தத்தின் கமிட் செய்தியிலேயே தெரிந்துகொண்டதை எழுதிவிடுங்கள்.

குளிரில் எழுந்திருக்காத அந்தப் போர்டுக்கு 50-ஐத் திரும்ப வைத்தபோது, அந்த வரிக்கு மேலே நான் எழுதிய கமெண்ட் இது: 'ரீசெட்டுக்குப் பின் கிரிஸ்டல் நிலைக்கு வரும்வரை சிப் பதில் தராது. அறை வெப்பத்தில் 10 போதும், குளிரில் போதாது. குறைப்பதானால் குளிர்காலை ஒன்றில் சோதிக்கவும்.'